பீங்கான் உருண்டைகள் மிதந்த ஏரி

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். ஊர் நலனுக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காலையில் நடக்கச் சொன்னார்கள், நடக்க வேறு இடமில்லை, அதுதான் உண்மை. எங்கள் தெருவில் நடந்தால் நாய் துரத்தும். மெயின் ரோட்டில் நடந்தால் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் துரத்தும். ஏரிக்கரையில் யாரும் துரத்த மாட்டார்கள் என்று நம்பிப் போனேன். அங்கே ஒரு வாத்தியார் இருந்தார்.

அவர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கரையோரம் குனிந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னா சார், தீர்த்தம் புடிக்கறீங்களா?"

அவர் திரும்பிச் சிரித்தார். "இல்லக்கா. ஏரிக்கு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன். இந்தச் சீட்டைத் தண்ணியில நனைச்சா கலர் மாறும்."

"எனக்குச் சர்க்கரை பாக்கற மாதிரியா?"

"அதே மாதிரிதாங்கக்கா."

அவ்வளவுதான், நான் சேர்ந்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் பரிசோதனையா, ஏரியும் கொஞ்சம் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு நல்ல எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கூடுவோம். வாத்தியார், நான், ஸ்ரீமுஷ்ணம் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் அண்ணன், ஏரியை மீன்குத்தகைக்கு எடுத்திருந்த மீன்காரி. இந்த நாலு பேர் நிரந்தரம். மற்றவர்கள் மழைக்காலத் தவளை மாதிரி, வருவார்கள், சத்தம் போடுவார்கள், காணாமல் போவார்கள். கரைக்குக் கீழே இருந்த டீக்கடையில் எங்களுக்கு ஏரி டாக்டர்கள் என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்னாங்க, இன்னைக்கு ஏரிக்கு ஜொரமா, இருமலா?" என்று கேட்காமல் யாரும் டீ கொடுக்க மாட்டார்கள். நானும் சளைக்காமல், "உங்க கடை டீயைக் குடிச்சதுலேருந்து பேதிங்க" என்பேன்.

எங்கள் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறதா, எந்தப் பறவை வந்திருக்கிறது, புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். வெளியூரிலிருந்து வந்து ஏரியை வளைத்துப் போட்டுக்கொள்ளும் செடிகளும் மீன்களும் இருக்கின்றன. அலங்காரத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்களே, அந்த முள்முதுகு மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி. கரையோரமெல்லாம் மண்டும் நெய்வேலி காட்டாமணக்கு. இது வெளிநாட்டுச் செடி என்று வாத்தியார் சொன்னபோது டிரைவர் அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நெய்வேலிக்கு நான் டிரிப் அடிச்சிருக்கேன் சார், பக்கத்துலதான் இருக்குது" என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றார்.

தண்ணீரின் தெளிவைப் பார்க்க ஒரு வட்டத் தட்டு வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் பூசி, கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார்கள். அதை வெளியில் வாங்க வேண்டும் என்றார் வாத்தியார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக பீங்கான் பொம்மையும் தட்டும் செய்யும் சிராமிக் யூனிட்டில் நான் வேலை செய்கிறேன். விருத்தாசலத்தில் நின்றுகொண்டு ஒரு தட்டை வெளியூரிலிருந்து வாங்குவதா? அடுத்த வாரமே யூனிட்டில் செய்து, சுட்டு, பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுக்கா. ஆனா சுத்தி எதுக்குப் பூ போட்டிருக்கீங்க?"

நான் போட்டது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தட்டு என்று கையில் வந்தால் ஓரத்தில் பூங்கொடி போடுவது கைக்குப் பழகிவிட்டது. கண்ணும் மனசும் சொல்வதற்கு முன்னால் கை முடித்துவிடும். எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். ஏரியின் அடியில் பூப்போட்ட தட்டு இறங்குகிற ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது மீன்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் தெருவுக்கு டிவிஎஸ் வண்டியில் அலுமினியச் சட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு மீன் கொண்டுவந்தவள். விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் நின்று, கடலூரிலிருந்து வரும் ஐஸ் பெட்டிக்காகக் காத்திருந்து, மற்றவர்கள் பொறுக்கியது போக மிஞ்சியதை வாங்கி விற்பாள். மிஞ்சியது என்று அவளே சொல்லிவிட்டுத்தான் விற்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது. போன வருஷம் ஏரிக் குத்தகை ஊர்க்கூட்டத்தில் பேச்சுக்கு வந்தபோது, தன் மகளிர் குழுவின் பெயரில் அவள் கேட்டாள். அதுவரை ஆண்களே எடுத்துக்கொண்டிருந்த குத்தகை. முன்பு குத்தகை எடுத்திருந்த பெரியவர் ஒருவர், "வலை வீசறது கோலம் போடற மாதிரி இல்லம்மா" என்றாராம். "ஒரு வருஷம் பாருங்க பெரியவரே. சரியா வரலன்னா நானே வுட்டுடறேன்" என்று இவள் சபையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆக, அவளுக்கு இருந்தது அந்த ஒரே வருஷம். மீன் வளர்ந்தால் ஏரி அவளுடையது. இல்லையென்றால் மறுபடி பஸ் ஸ்டாண்டு, ஐஸ் பெட்டி, மிஞ்சிய மீன். எங்களுக்கெல்லாம் ஏரி ஞாயிற்றுக்கிழமை வேலை. அவளுக்கு அது வாரம் முழுவதும் வயிற்றில் இருந்தது. இருந்தாலும் எங்களில் அதிகம் சிரிக்கிறவள் அவள்தான்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஏரிக்கு வரும் வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வாயில் ஊதாப் பூவோடு பச்சைப் பசேலென்று ஒரு கொத்து மிதந்துகொண்டிருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. சாமி படத்துக்கு வைக்கலாமே என்று நான் கையை நீட்டினேன். வாத்தியார் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, அது ஆகாயத்தாமரை."

அதன் கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று இருந்த இடத்தில் நாலு, நாலு இருந்த இடத்தில் பாய் விரித்த மாதிரி. கீழே வெளிச்சம் போகாது, தண்ணீரில் காற்று குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வலை வீச இடமே இருக்காது. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தோம். வாய்க்கால் வாயை அடைத்துக்கொண்டு ஒரு களத்துமேடு அளவுக்குக் கிடந்தது. பக்கத்து ஏரி ஏதோ நிரம்பி வழிந்து, அதிலிருந்து வந்திருக்க வேண்டும்.

மீன்காரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கை நிறைய வாரி வாரிக் கரையில் எறிய ஆரம்பித்தாள். நாங்களும் இறங்கினோம். வெயில் ஏறும்வரை வாரினோம். வாரிய இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்து யோசித்தோம். இதை முழுக்க எடுக்கப் பல வாரம் ஆகும். அதற்குள் காற்றடித்தால் கொத்துக் கொத்தாகப் பிரிந்து ஏரி முழுக்கப் போய்விடும். எனவே அந்த மூலையிலேயே அதை மறித்து வைக்க வேண்டும். குறுக்கே ஒரு கயிறு, கயிற்றைத் தூக்கிப் பிடிக்க மிதவைகள், கீழே தொங்கும் பழைய வலை. வாத்தியார் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். மிதவைக்குக் காலி தண்ணீர் பாட்டில்களைக் கட்டலாம் என்றார் டிரைவர் அண்ணன்.

"ஏரியைச் சுத்தம் பண்ண வந்துட்டு பிளாஸ்டிக்கைக் கொண்டாந்து போடுவீங்களா?" என்று நான் சீறினேன். "நம்மூரு பீங்கான் ஊரு. உள்ளே வெத்தா இருக்கற உருண்டை பண்ணிட்டா அது பாட்டுக்கு மிதக்கும். நான் பண்றேன்."

பீங்கான் மிதக்குமா என்று மூன்று பேரும் கேட்டார்கள். குடம் மிதக்கவில்லையா, என்றேன். என் வீம்பு ஒருபுறம் இருந்தாலும் நான் சொன்னதில் தப்பில்லை.

கொலு முடிந்து யூனிட்டில் வேலை குறைந்திருந்த நேரம் அது. முதலாளி தாராளமாக, "மிச்சக் களிமண்தானே, எடுத்துக்குங்க" என்றார். உருண்டை உண்டியல் செய்யும் பெரிய அச்சு எங்களிடம் இருந்தது. அச்சுக்குள் குழம்பு மாதிரி இருக்கும் களியை ஊற்றி, சுவரில் ஒரு படலம் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவோம். உண்டியலுக்குக் காசு போடக் கீறுவோமே, அதை மட்டும் கீற வேண்டாம் என்று எல்லோரிடமும் நான் நூறு தரம் சொன்னேன். அச்சுப் பகுதிப் பெண்கள் அத்தனை பேரும் கைகொடுத்தார்கள். ஊற்றின வாயைக் களியால் மூடி, வழித்து, சூளையில் சுட்டு, மிஞ்சிக் கிடந்த எல்லா நிறத்தையும் பூசி மறுபடி சுட்டு எடுத்தோம். மஞ்சள், கிளிப்பச்சை, மயில்நீலம், தக்காளிச் சிவப்பு. கீறல் ஒன்றுகூட இல்லை. நானே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

மீன்காரி கிழிந்த வலைத்துண்டுகளில் ஒவ்வொரு உருண்டைக்கும் பை பின்னி வைத்திருந்தாள். ஞாயிறு காலை தெர்மாகோல் தெப்பத்தில் போய் அவளும் டிரைவர் அண்ணனும் கயிற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக் கட்டினார்கள். உருண்டைகள் தண்ணீரைத் தொட்டதும் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தன. வெயில் பட்டு மின்னின. அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது! எங்கள் பொம்மைகள் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கை வேலை தண்ணீரில் ஆடியதைப் பார்த்தேன். எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன்.

ஊரே வந்து செல்ஃபி எடுத்தது. டீக்கடைக்காரர் அன்று எங்களுக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. மத்தியானம் வெயில் ஏறியபோது இன்னொரு அதிசயம் நடந்தது. உருண்டைகளின் அடியிலிருந்து குமிழி குமிழியாக மேலே வந்தது.

"மீனு மூச்சு வுடுதுக்கா!" என்று மீன்காரி கத்தினாள். "நெழலுக்கு அடியில வந்து கூடுது பாருங்க."

வாத்தியாரும் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார். அன்று மாலையே வாட்ஸப் குழுவில், உருண்டைகளின் நிழலில் மீன்கள் கூடுவதாக மகிழ்ச்சியோடு ஒரு குரல் பதிவு போட்டார். மறுநாள் உச்சி வெயிலில் போய்ப் பார்த்தாலும் குமிழி. அதற்கு மறுநாளும் குமிழி. டிரைவர் அண்ணன் மீன்களுக்காகப் பொரி பாக்கெட்டோடு வர ஆரம்பித்தார். எந்த உருண்டைக்குக் கீழே அதிகக் குமிழி என்று எங்களுக்குள் போட்டி வேறு. மயில்நீலம்தான் ராசியானது என்று நான் சொன்னேன், அது நான் பூசியது.

சில நாள் கழித்து ஒரு காலை நான் நடக்கப் போனபோது கயிற்றைக் காணவில்லை. அந்தக் கரையோரம் மட்டும் இரண்டு மூன்று உருண்டைகள் முக்கால்வாசி முழுகி, உச்சந்தலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. மீன்காரி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"அக்கா, அங்க பாருங்க."

ஏரியின் நடுவில் பச்சைக் கொத்துகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பொழுது விடிவதற்குள் அவை கயிற்றைத் தாண்டி வந்திருந்தன.

"இது மதகுவரைக்கும் வந்துடுச்சுன்னா எனக்கு ஏரி இல்லக்கா" என்றாள். "சபையில வாய வுட்டுட்டேன்."

நான் செருப்போடு தண்ணீரில் இறங்கி, முழுகிக் கிடந்த ஓர் உருண்டையை வலைப்பையோடு தூக்கினேன். அம்மி கனம் கனத்தது. ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. விரிசல் எங்கே என்று திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சி நேராக என் மூக்கில் அடித்தது.

இங்கே உங்களுக்கு எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வெற்றாக இருக்கும் எந்தப் பொருளைச் செய்தாலும் அடியில் ஊசியால் ஒரு துளை போடுவோம். போடாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று சூளைச் சூட்டில் போக வழியில்லாமல் பொம்மையே வெடித்துவிடும். பக்கத்தில் இருக்கும் பொம்மைகளையும் சேர்த்து உடைத்துவிட்டுப் போகும். யூனிட்டில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொள்வது அந்தத் துளைதான். அப்புறம் அதை யாரும் பார்ப்பதில்லை, நினைப்பதுமில்லை. பொம்மையின் அடியில் துளை இருப்பது நம் தலையில் முடி இருப்பது மாதிரி. பொம்மை அலமாரியில் உட்காரும் வரையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எங்கள் யூனிட்டில் செய்த எதுவும் அதுவரை நீந்தப் போனதில்லை.

கீறல் வேண்டாம் என்று நூறு தரம் சொன்ன நான், தடவித் தடவிப் பார்த்த நான், துளை போட்ட அத்தனை பெண்கள், பார்த்துப் பாராட்டிய முதலாளி, ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பகலில் வெயில் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடேறித் துளை வழியே வெளியேறும். இரவு குளிர்ந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நாங்கள் பொரி போட்டது எங்கள் உருண்டைகளின் கடைசி மூச்சுக்கு.

மீன்காரி என் கையிலிருந்த உருண்டையை எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா இது, ஓட்டை?"

"காத்து போறதுக்கு."

"தண்ணி வர்றதுக்கும்தானே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது. அவள் என் மூக்கைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "மீனு மூச்சு வுடுதுன்னு சொன்னேனே!" என்று சொல்லிக்கொண்டே அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து, கழுத்தளவு நீரில் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஏரி கைவிட்டுப் போகிற நேரத்தில் இரண்டு பொம்பளைகள் தண்ணீரில் உருண்டு சிரிப்பதைப் பார்த்து, டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அவர்கள் ஓடி வந்தது நல்லதாகப் போயிற்று. டிரைவர் அண்ணன் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றுவது மாதிரி விரட்டித் தண்ணீரில் இறக்கினார். மூங்கில் கழிகளை ஊன்றி, பழைய புடவைகளையும் வலைகளையும் குறுக்கே கட்டி, தற்காலிகமாக ஒரு தடுப்பு வைத்தார்கள். நடுவே வந்துவிட்ட கொத்துகளைத் தெப்பத்தில் போய்ப் பொறுக்கினார்கள். வருஷமெல்லாம் எங்களைக் கேலி செய்தவர்கள் சேறு பூசிக்கொண்டு ஒருவரையொருவர் "டாக்டர், இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். குரல் பதிவை அழித்துவிட்டாரா என்று எல்லோரும் கேட்டதில் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

உருண்டைகளை ஆட்டோவில் ஏற்றி யூனிட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது வேறு சிக்கல். ஊசித் துளை வழியே பல நாள் உறிஞ்சிய தண்ணீர் அதே ஊசித் துளை வழியேதானே வெளியே வர வேண்டும்? பெண்கள் ஆளுக்கொன்றை மடியில் வைத்துக் கவிழ்த்து ஆட்டினார்கள். சொட்டு, சொட்டு என்று விழுந்தது. இப்படியே போனால் அடுத்த கொலு வந்துவிடும். துளையைப் பெரிதாக்கினால் விரிசல் விடும்.

அன்று எங்கள் சூளை ஆறுகிற நாள். சுட்டு முடித்த சூளையை உடனே திறக்க மாட்டோம், தானாக ஆற வேண்டும். அந்த நாளில் பெரிய வேலை எதுவும் இருக்காது. சூளையின் மேல்தளம் மட்டும் இட்லிப் பானை மூடி மாதிரி சுடச்சுட இருக்கும். மழைக்காலத்தில் அதன்மேல் துணி காயப்போடுவோம். "மேல ஏத்துங்கடி" என்றேன். செங்கல் அடுக்கி, அதன்மேல் உருண்டைகளைத் துளை கீழே பார்க்க வரிசையாக உட்காரவைத்தோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே இருந்த காற்று சூடேறித் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தது. தக்காளிச் சிவப்பிலிருந்து மெல்லியதாக ஒரு தாரை இறங்கியது. அடுத்து மஞ்சள். அப்புறம் எல்லாம் சேர்ந்துகொண்டன. காலையில் எழுந்த கைக்குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்த மாதிரி, அத்தனையும் சர்ரென்று ஒன்றுக்குப் போயின. முதலாளி உட்பட எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இரண்டு மூன்று உருண்டைகள் பட்டென்று விரிசல் விட்டுப் போயின. அதில் மயில்நீலமும் ஒன்று. ராசியானது என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை.

காய்ந்ததும் துளைகளை எம்சீல் வைத்து அடைத்தோம். ஒவ்வொன்றையும் அண்டாத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துப் பார்த்தோம். குமிழி வந்தால் மீன் என்று யாரும் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

இரண்டாம் தடவை கயிறு கட்டியபோது யாரும் செல்ஃபி எடுக்கவில்லை, கைதட்டவும் இல்லை. எல்லோரும் தண்ணீரில் நின்றோம். உருண்டைகள் மிதந்தன. உச்சி வெயில் வந்தது, குமிழி வரவில்லை. அடுத்த நாளும் மிதந்தன, அடுத்த வாரமும் மிதந்தன. மார்கழி முழுக்க ஞாயிறுதோறும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றினோம். கம்மாபுரம் பக்கமிருந்து ஒருவர் டிராக்டரோடு வந்து குப்பை மக்கவைக்க அள்ளிக்கொண்டு போனார். பூப்போட்ட தட்டு வாரத்துக்கு வாரம் ஆழமாக இறங்கியும் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குச் சர்க்கரையும் கொஞ்சம் குறைந்தது. அதற்குக் காரணம் மாத்திரை என்கிறார் டாக்டர், சேறு என்கிறேன் நான்.

பொங்கலை ஒட்டிக் கரிநாளுக்கு முன்பாக மீன்காரி பெரிய வலை இறக்கினாள். கரிநாளுக்கு மீன் இல்லாத வீடு எங்கள் பக்கம் இருக்காது, அதனால் கரையில் நல்ல கூட்டம். அவள் குழுவிலிருந்த பெண்கள் ஒரு முனையையும், நாங்கள் மறு முனையையும் பிடித்துக்கொண்டு மதகுப் பக்கமாக வளைத்து வந்தோம். வலை கனத்தது. கெண்டையும் ரோகுவும் துள்ளித் துள்ளித் தண்ணீரை எங்கள் முகத்தில் இறைத்தன. அவ்வளவு மீன். அவள் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள், சிரிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது விராலை. அது இன்னும் சிக்கவில்லை. சபையில் கோலம் என்று சொன்ன பெரியவரும் பையோடு வந்து கரையில் நின்றிருந்தார்.

மதகை நெருங்கும்போது மீன்காரி சட்டென்று கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றோம். வலைக்குள், மதகோரத்துத் தெளிந்த தண்ணீரில், செம்மண் கரைத்த மாதிரி ஒரு திட்டு அசைந்தது. உற்றுப் பார்த்தால் அது முழுக்க விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், சிவப்பாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. அவற்றுக்குக் கீழே முழங்கை நீளத்துக்குத் தாய் விரால், அசையாமல் நின்றது.

"இழுங்கம்மா, இழுங்க! அதான் வேணும்!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

அவள் இழுக்கவில்லை. வலையின் மேல்கயிற்றைக் கையால் கீழே அமுக்க ஆரம்பித்தாள்.

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "என்னாம்மா பண்றீங்க? கரிநாளைக்கு எல்லாரும் விரால்தான் கேக்கறாங்க. கண்ணு முன்னாடி நிக்குது, வுடறீங்களே?"

"குஞ்சு வெச்சிருக்குது பெரியவரே" என்றாள், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இப்ப இதைப் புடிச்சிட்டா அடுத்த வருஷம் நான் எதைப் புடிக்கறது?"

அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே தெரியவில்லை, அவள் கவனமெல்லாம் குஞ்சுகள்மேல். எனக்குத் தெரிந்தது. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார், வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருஷம் என்று அவள் இதற்கு முன்னால் ஒரு தடவைகூடச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பெரியவர் மறுத்து ஏதாவது சொல்வார் என்று நான் வாயில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் பையைக் கரையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவள் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பக்கத்துக் கயிற்றைத் தன் கையாலும் அமுக்கிப் பிடித்தார். தாய் விரால் குஞ்சுகளை முன்னால் விட்டு, மெதுவாக அவர்கள் இரண்டு பேரின் கைகளுக்கும் நடுவே வெளியே போயிற்று.